செத்தவருக்குக் கால்ஷீட்

டிவி சீரியலில் செத்துப்போனவராக நடிப்பதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். ஆணியிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள். அவனுடைய அப்பா அந்த வேலையை ஒன்றரை வருஷம் பார்த்தார். வசனம் கிடையாது, லீவு கிடையாது, டீ கூடக் கிடையாது. கடைசியில் கிடைத்த மரியாதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஆணி என்பது பட்டப்பெயர். கலை இயக்குநரின் உதவியாளர்களில் அவன் கடைசி. செட்டில் எதை மாட்டுவதென்றாலும் "ஆணியைக் கூப்பிடு" என்பார்கள். ஆணியும் வரும், அவனும் வருவான். ஆள் ஆறடி, குணம்தான் ஆணி. யார் தலையில் தட்டினாலும் மறுபேச்சில்லாமல் உள்ளே போய்விடுவான்.

'ஏழாம் வார்டு' என்ற அந்த சீரியலில் இரண்டு குடும்பங்கள், ஒரு கவுன்சிலர் நாற்காலி, ஒரு பழைய கொலை. கொலையான பெரியவர் முதல் எபிசோடுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஹால் சுவரில் அவர் படம். மகள் தினமும் அந்தப் படத்துக்கு முன்னால் வந்து நின்று, அப்பாவைக் கொன்றவர்களைக் கருவறுப்பதாகச் சபதம் போடுவாள். கருவறுக்கிற வேலை மட்டும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போகும். ஆக, ஒரு படம் வேண்டும்.

"துணை நடிகர் யாரையாச்சும் உட்கார வச்சு எடுத்துரலாமா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"போன சீரியல்ல அப்படித்தான் எடுத்தோம்" என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். "ஒரு மாசம் கழிச்சு அந்தாளு வந்து 'எனக்கு ஃப்ளாஷ்பேக் எப்ப சார்'னு நின்னான். இன்னும் ஒரு மாசம் போனதும் 'நான் சாகவே இல்லைன்னு ஒரு ட்விஸ்ட் வைங்களேன்'னான். நெஜமாவே செத்த ஆளாப் பாருங்கப்பா. செத்தவங்க கால்ஷீட் கேக்க மாட்டாங்க."

பிறகு சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். "உங்க யாரு வீட்லயாச்சும், லட்சணமா ஒருத்தர், செத்திருக்காங்களா?"

பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்கும் தூக்காத கையை ஆணி அன்றைக்குத் தூக்கினான்.

வீட்டில் அப்பாவின் படம் என்று இருந்தது அது ஒன்றுதான். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, மெல்லிய மீசை, அடுத்தவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற முகம். ஃப்ரேமின் கீழ்மூலையில் ஒரு வளைந்த ஆணி. அதை அடித்தவர் அப்பாவேதான். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கதையில அவரு நல்லவரா, கெட்டவரா?"

"தங்கமானவரும்மா. ஊரே அவருக்காக அழுவுது."

அம்மா படத்தை இறக்கி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். "கொண்டு போ. இங்க அழ ஆள் பத்தல."

அம்மா அதைச் சும்மா சொல்லவில்லை. அப்பாவும் அவருடைய தம்பியும் ஒரே கட்சி, ஒரே தெரு, எதிரெதிர் வீடு. அப்பா இருபது வருஷம் அந்தக் கட்சிக்குச் சுவர் எழுதினார், நாற்காலி சுமந்தார், மழையில் நின்று கை கூப்பினார். ஒரு தேர்தலில் வார்டுக்கு அவர்தான் என்று முடிவானது. வேட்பாளரை அறிவிக்கிற அன்று காலை கட்சி ஆபீஸ் படியில் ஏறினார். மேலே நின்ற தம்பி, "நீ எதுக்குண்ணே இதுக்கெல்லாம்" என்று சொல்லி, நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டார். தெருவே பார்த்துக்கொண்டிருக்க அப்பா மல்லாந்து விழுந்தார். எழுந்தார், சட்டையைத் தட்டினார், கீழே கிடந்த பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் தெருவில் தலை காட்டவில்லை. வேலைக்குப் பின்சந்து வழியாகப் போய் வந்தார். இரண்டு வருஷத்தில் அந்தப் போக்குவரத்தும் நின்றது. சாவுக்குத் தம்பி வரவில்லை. அன்றைக்குக் கவுன்சிலர் வெளியூரில் இருந்தார்.

பெரிய கொலை இல்லை, கத்தி இல்லை, போலீஸ் இல்லை. ஒரு தள்ளு. சீரியல்காரர்கள் இதற்கு அரை எபிசோடு கூடக் கொடுக்க மாட்டார்கள் என்றுதான் ஆணி நினைத்தான்.

செட்டில் கலை இயக்குநர் படத்தைத் தூரத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தலைவர் மாதிரி இல்லையே. பேங்க்ல டோக்கன் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி இருக்காரு." ஆணி வாயைத் திறப்பதற்குள் படத்தைக் கழற்றி, தூரிகையை எடுத்து, ஒரிஜினல் மேலேயே ஒரு கொத்து மீசை வரைந்துவிட்டார். ஃப்ரேமின் கண்ணாடியும் போயிற்று, கண்ணாடி இருந்தால் லைட் பட்டுக் கேமராவுக்குக் கூசும் என்று செட்டில் எந்தப் படத்துக்கும் கண்ணாடி போடுவதில்லை. இப்படியாக அப்பா மீசையோடும் கண்ணாடி இல்லாமலும் ஹாலுக்குக் குடிபோனார்.

மீசைக்கு அம்மா சண்டை பிடிப்பாள் என்று ஆணி பயந்திருந்தான். அவள் முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு, "உசிரோட இருக்கும்போது வச்சிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான்.

அதிலிருந்து தினமும் ஏழு மணிக்கு அம்மாவின் பழிவாங்கல் தொடங்கியது. தெருப்பக்க ஜன்னலை விரியத் திறப்பாள். டிவியை ஜன்னல் பக்கம் திருப்புவாள். சத்தத்தைக் கடைசி வரை ஏற்றுவாள். மகள் படத்துக்கு முன்னால் நின்று, "அப்பா, உங்களை இந்தக் கதிக்கு ஆளாக்கினவன் குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்" என்று அலற, அந்த வாக்கியம் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குள் நேராகப் போய் இறங்கும். எதிர்வீட்டில் சித்தப்பா ஜன்னலைச் சாத்துவார். சில நாள் அங்கே காரணமில்லாமல் மிக்ஸி ஓடும்.

"காது வலிக்குதும்மா."

"உனக்குப் போடல. உங்க சித்தப்பனுக்குப் போடுறேன்."

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். சாவுக்கு வராதவர்கள் கூட, டிவியில் படம் வந்ததும் மூக்கைச் சிந்தினார்கள். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். அப்பா விழுந்த நாளிலிருந்து கூனிப்போயிருந்த முதுகு அது. சம்பளம் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு என்றாலும், அந்த முதுகைப் பார்ப்பதற்காகவே ஆணி அந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

கெடுத்ததும் அவன் வாய்தான்.

கதை எழுதுகிறவர் நல்ல மனிதர். யாராவது வீட்டுக் கதை சொன்னால் டீ ஆறும் வரை கேட்பார். ஒரு நாள் அவர் "உங்கப்பா எப்படிடா போனாரு?" என்று கேட்டுவைக்க, ஆணி படியில் தள்ளிய கதையை, கீழே விழுந்த பேனா வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னான். எழுத்தாளர் கண் கலங்கினார். கண் கலங்குகிற எழுத்தாளரிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று செட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குத் தெரியும். ஆணிக்கு அப்போது தெரியாது.

சீரியலைப் பார்க்கிற கூட்டம் குறைந்தது. சேனலிலிருந்து போன் வந்தது. அடுத்த வாரக் காட்சிகளை உதவி இயக்குநர் சத்தமாக வாசித்தபோது, ஏணி மேல் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்த ஆணி அங்கேயே நின்றுவிட்டான். ஹால் படத்திலிருக்கும் பெரியவர்தான் உண்மையான வில்லனாம். பதவிக்காகச் சொந்தத் தம்பியைக் கட்சி ஆபீஸ் படியிலிருந்து தள்ளிக் கொன்றவராம். உண்மை தெரிந்த மகள் படத்தை எடுத்துத் தரையில் அடித்து, காறித் துப்பி, மிதிக்கிறாளாம்.

ஏணியிலிருந்து இறங்கி எழுத்தாளரிடம் போனான்.

"சார், அப்பாவைக் கெட்டவரா ஆக்காதீங்க சார்."

"எந்த அப்பாவை?"

"ஹால்ல இருக்கிற அப்பாவை."

"டேய், அது கேரக்டர்டா."

"கேரக்டர் உங்களோடது சார். முகம் எங்களோடது."

எழுத்தாளர் அவன் தோளைத் தட்டினார். "நீ சொன்ன கதைதானே. அதுல உசிரு இருக்குடா. அதான் எடுத்தேன். சும்மா திருப்பிப் போட்டிருக்கேன், அவ்வளவுதான்."

"தம்பிதான் சார் தள்ளினாரு."

"தம்பி அண்ணனைத் தள்ளுறது வீட்டுக்கு வீடு நடக்குது. அதை எவன் சேனல் மாத்தாம உட்கார்ந்து பார்ப்பான்? தங்கமான அண்ணன் தள்ளணும். அப்பத்தான் பக்குன்னு இருக்கும்."

ஆணிக்குப் பக்கென்றுதான் இருந்தது. மேனேஜரிடம் ஓடினான். "அப்ப படத்தையாச்சும் மாத்திடலாம் சார். வேற யாரையாச்சும்..."

"ஒன்றரை வருஷமா ஜனங்க பார்த்த முகம்டா. திடீர்னு வேற அப்பாவை மாட்டினா, இவளுக்கு மொத்தம் எத்தனை அப்பான்னு கேப்பாங்க." மேனேஜர் அவன் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இளகினார். "ஒரிஜினலை உடைக்க மாட்டோம்டா. காப்பி போட்டுக்கோ. மூணு போதும்."

அந்த மூன்று காப்பியையும் போட்டது ஆணிதான். ஒரே மாதிரி மூன்று ஃப்ரேம் அடித்தான். உடைக்கிற காட்சிக்குக் கண்ணாடி வேண்டும். ஒரே அடியில் சிதறவேண்டுமென்றால் கண்ணாடியின் உள்பக்கம் முன்கூட்டியே கீறிவைக்கவேண்டும். கண்ணாடி வெட்டும் கருவியால், அப்பாவின் நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு கோடு, காதிலிருந்து காது வரை ஒரு கோடு. மூன்று தடவை. இந்தக் கையை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று நினைத்தான். பிறகு பெயின்ட் ஒட்டியிருந்ததால் தின்னரில் கழுவினான்.

மகளாக நடித்த பெண் தங்கமானவள். படத்தை அடிப்பதற்கு முன்னால், "யாரோட படம்ணா இது?" என்று கேட்டாள். "யாரோ" என்றான் ஆணி. சொல்லியிருந்தால் அவள் அடித்திருக்க மாட்டாள். அடிக்காவிட்டால் அவள் வேலை போகும். ஆணி இப்படித்தான் எல்லோருடைய வேலையைப் பற்றியும் கவலைப்படுவான்.

முதல் டேக்கில் படம் குப்புற விழுந்தது, முகம் தெரியவில்லை. இரண்டாவதில் கண்ணாடிச் சிதறலுக்குப் பயந்து அவள் துள்ளிவிட்டாள். மூன்றாவது அருமையாக வந்தது, எவனோ ஒருவனுடைய செல்போன் அடிக்கும் வரை.

"இன்னொண்ணு குடு" என்றார் இயக்குநர்.

"மூணுதான் சார் போட்டோம்."

இயக்குநர் சுவரைக் காட்டினார். "அது என்ன?"

"அது ஒரிஜினல் சார்."

"கண்ணாடி போட்டுக் குடு. ஒரிஜினல் மட்டும் உடையாதா?"

நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கதாநாயகி கலைந்த தலைமுடியோடு அப்படியே நின்றாள். முடியாது என்று ஒரு சொல் போதும். ஆணி அந்தச் சொல்லை வாய்க்குள் தேடினான். அதற்குள் பழக்கதோஷத்தில் கை போய்ப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டது. மாற்றுக் கண்ணாடியைக் கீறி, பொருத்திக் கொடுத்தான். டேக் ஓகே ஆனது. எல்லோரும் கை தட்டினார்கள். துடைப்பத்தோடு போய்க் குனிந்தபோது, அவளுடைய குதிகால் அப்பாவின் வாயும் மீசையும் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை போட்டிருந்தது. காத்திருந்த அந்த வாய் இனி எதையும் சொல்லப்போவதில்லை. துண்டுகளை ஒரு துணியில் முடிந்து கருவிப்பெட்டிக்கு அடியில் வைத்தான்.

எபிசோடு வருகிற அன்று வீட்டுக்குச் சீக்கிரம் போய், டிவிக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கிவைத்தான். அம்மா வந்து ரிமோட்டை அமுக்கிப் பார்த்தாள்.

"டிவி ரிப்பேர்மா."

அம்மா குனிந்து பார்த்தாள். "பிளக்கைப் புடுங்கி வெளிய போட்டுட்டு ரிப்பேருங்கற. நீயெல்லாம் எப்படிடா ஆர்ட் டிபார்ட்மென்ட்ல குப்பை கொட்டுற?"

"அம்மா, இன்னிக்கு வேணாம்மா."

"ஏன்?"

சொன்னான். அரைகுறையாக. அம்மா கேட்டுக்கொண்டு, பிளக்கைச் சொருகி, வழக்கம்போல ஜன்னலைத் திறந்து, வழக்கம்போலச் சத்தத்தை ஏற்றி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். டிவியில் ஃப்ளாஷ்பேக். கொத்து மீசை மட்டும் தெரிகிற வெளிச்சத்தில் ஒரு நடிகன் தன் தம்பியைப் படியிலிருந்து தள்ளினான். தம்பியின் பேனா உருண்டது. எழுத்தாளர் பேனாவைக் கூட விடவில்லை. பிறகு மகள் படத்தை இறக்கினாள், அடித்தாள், துப்பினாள், மிதித்தாள். ஒன்றரை வருஷமாக அவள் தலைக்குப் பின்னால் மங்கலாகவே தெரிந்துகொண்டிருந்த அப்பாவுக்கு அன்றைக்குத்தான் முதல் க்ளோசப்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லிப் போனார்கள்.

அப்போது தெருவுக்கு அந்தப் பக்கம், முதல் தடவையாக, எதிர்வீட்டு டிவியின் சத்தம் ஏறியது. "தம்பியைக் கொன்ன பாவி" என்று மகள் கத்தியது இரண்டு வீட்டிலிருந்தும் கேட்டது. அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். ஒன்றரை வருஷம் திறந்தே கிடந்த ஜன்னல். கொக்கி துருவேறி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். ஆணி சுத்தியலோடு வந்து தட்டிச் சாத்தினான்.

"ஒரிஜினல் பத்திரமா இருக்குல்ல?" என்றாள் அம்மா, அவனைப் பார்க்காமல்.

"செட்ல இருக்கும்மா. பத்திரமா இருக்கு."

அடுத்த நாலைந்து நாளும் ஏழு மணிக்கு எதிர்வீட்டுச் சத்தம்தான். அப்புறம் திடீரென்று நின்றது. காரணம் டீக்கடையில் தெரிந்தது. தேர்தல் வந்துவிட்டது, சித்தப்பா மறுபடியும் நிற்கிறார். சீரியலைப் பார்த்த ஜனம், இது அந்த வீட்டுப் படமல்லவா, இதே மாதிரி இங்கேயும் ஒரு படியில் ஏதோ நடந்ததே, அதில் தள்ளினது அண்ணனா தம்பியா என்று பேச ஆரம்பித்திருந்தது. மறந்துபோனதை எல்லாம் ஒரு சீரியல் கிளறிவிட்டிருந்தது. எதிர்க்கட்சிக்காரன் அந்தப் படியை நேரில் பார்த்த ஆள் யாராவது கிடைப்பார்களா என்று தேடுவதாகக் கேள்வி.

சித்தப்பா நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அண்ணி" என்றார்.

"வாங்க" என்றாள் அம்மா.

"என்ன அண்ணி, 'வாங்க'ன்னு. எப்பவும் 'வாடா'ன்னுதானே சொல்லுவீங்க."

"வாடான்னு சொல்ல ஒருத்தன் இருந்தான். இப்ப நீங்க கவுன்சிலரு. உட்காருங்க."

வீட்டில் ஒரு கால் குட்டையான நாற்காலி ஒன்று உண்டு. வேண்டாதவர்களுக்கு அம்மா அதைத்தான் போடுவாள். சித்தப்பா அதில் உட்கார்ந்து, பேசி முடிக்கும்வரை ஒரு பக்கமாகத் தம் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணனை எப்படி அசிங்கப்படுத்திட்டானுங்க பார்த்தீங்களா. எனக்கு நாலு நாளா சோறு எறங்கல அண்ணி."

"டிவி சத்தம் நல்லாத்தானே எறங்குச்சு, எங்க வீடு வரைக்கும்."

"பசங்க வச்சிருப்பாங்க." நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது, பிடித்துக்கொண்டார். "நாளைக்கு சாயந்திரம் கூட்டம். நீங்க மேடையில வந்து உட்காரணும். அண்ணன் எப்பேர்ப்பட்ட மனுஷன்னு ஊரறிய மைக்ல சொல்லப்போறேன்."

"எப்பேர்ப்பட்ட மனுஷன்?"

"தங்கம் அண்ணி."

"அது அன்னிக்குத் தெரியலையா?"

"அன்னிக்கு வயசு அப்படி."

"வயசு அவருக்கும்தான் இருந்துச்சு. தள்ளினது யாருன்னும் மைக்ல சொல்லுவீங்களா?"

சித்தப்பா தன் கையைப் பார்த்தார். அது தொடை மேல் ஒரு அந்நியன் கை மாதிரி கிடந்தது. ஒரு கணம் அவர் வேறு எதையோ சொல்ல வந்தது போல ஆணிக்குத் தோன்றியது. ஆனால் கவுன்சிலர்தான் பேசினார். "மேடை வேற, வீடு வேற அண்ணி."

"வர்றேன்" என்றாள் அம்மா.

அம்மா ஏன் ஒத்துக்கொண்டாள் என்று ஆணிக்குப் புரிந்துவிட்டது. மேடை, கூட்டம், மைக், பக்கத்தில் குற்றவாளி. இத்தனை நாள் ஜன்னல் வழியாகச் சொன்னதை நேரில் சொல்லப்போகிறாள். எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று கூட யோசித்துவைத்தான். ஒன்றரை வருஷம் சீரியலில் கிடந்த மூளை. க்ளைமாக்ஸ் இல்லாமல் அதற்கு எதையும் யோசிக்கத் தெரியாது.

கூட்டத்துக்கு நல்ல ஜனம். சித்தப்பா மைக்கைப் பிடித்தார். அண்ணனின் நேர்மை, அண்ணனின் உழைப்பு, சுவர் எழுதியது, நாற்காலி சுமந்தது. ஒன்று கூடப் பொய்யில்லை. அம்மாவின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு அந்தப் படியில எங்கண்ணன் கால் இடறி விழுந்தாரு. டிவிக்காரன் அதைக் கொலைங்கறான். விழுந்த மனுஷனை ஓடிப்போய்த் தூக்கினது யாரு? இந்தக் கை." வலது கையை உயரத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கை சாட்சி."

கூட்டம் கை தட்டியது. அன்றைக்குத் தெருவில் நின்று பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள்.

மைக் அம்மாவிடம் வந்தது. அவள் எழுந்தாள். சித்தப்பாவின் சிரிப்பு, ஆட்டம் கண்ட ஆணியில் தொங்குகிற படம் மாதிரி முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும், விழுந்துவிடும்.

"என் வீட்டுக்காரர்" என்றாள் அம்மா, "யாரையும் தள்ளினவர் இல்ல."

கூட்டம் இன்னும் வரும் என்று காத்திருந்தது. அம்மா மைக்கைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள்.

"அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஆணியால் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா சொல்லல? அந்தாளு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லிட்டு?"

"தோத்திருப்பாரு."

"தோத்திருப்பான். அப்புறம் உங்கப்பாவை நல்லவருன்னு மைக்ல சொல்றதுக்கு யாரு இருக்கா? நீ சொல்லுவியா? டிவியில அத்தனை பேரும் துப்பின மூஞ்சிடா அது. இன்னிக்குத் தேதிக்கு அவரை நல்லவருன்னு சொன்னா ஆதாயம் இருக்கிற ஒரே ஆளு உங்க சித்தப்பன்தான். சொல்லிட்டுப் போறான்." தெருமுனையில் திரும்பினாள். "கால் இடறி விழுந்தாருன்னான் பாரு. அதை மட்டும் விட்டிருக்கலாம். அவரு கால் இடறுற ஆளில்ல."

மறுநாள் சித்தப்பாவின் ஆட்கள் ஸ்டூடியோ வாசலில் போய்க் கத்தினார்கள். சேனல் பயந்து, மன்னிப்பை எழுத்தாக ஓடவிட்டது. அடுத்த வாரமே சீரியலில், தம்பியைத் தள்ளியது பெரியவர் இல்லை, பெரியவரைப் போலவே இருந்த அவருடைய இரட்டைப்பிறவி என்று தெரியவந்தது. மகள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று அழுதாள். சுவரில் படம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. கம்பெனி அந்த முகத்தைக் கம்ப்யூட்டரிலிருந்தே அழித்துவிட்டிருந்தது. செட்டிலும் ஆணி இல்லை. "உங்க வீட்டு ஆளுங்களே கேட்ல வந்து கத்துறாங்க, உன்னை வச்சிருந்தா நல்லா இருக்குமா?" என்று மேனேஜர் வருத்தத்தோடுதான் அனுப்பிவைத்தார். எழுத்தாளர் அதைவிட வருத்தப்பட்டார். ஆணி அவர் கண் கலங்குவதைப் பார்த்ததும், எதுவும் சொல்லாமல் கிளம்பிவிட்டான்.

சித்தப்பா ஜெயித்தார். தெரு முழுக்க நன்றி போஸ்டர். அதில் அவர் வீட்டுப் பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அண்ணனும் தம்பியும், இருபதுகளில், ஸ்டூடியோ திரைக்கு முன்னால். அப்பாவுக்கு அவருடைய சொந்த மெல்லிய மீசை. தம்பியின் வலது கை அண்ணன் தோளின் மேல். ஒட்டுவேலை இல்லை, நிஜமாகவே ஒரு காலத்தில் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

"படத்தை எப்படா கொண்டாருவ?" என்றாள் அம்மா அன்று சாப்பிடும்போது.

"அது... செட்ல..."

"உடைக்கும்போதே பார்த்துட்டேன். ஃப்ரேம் மூலையில வளைஞ்ச ஆணி. உங்கப்பா வாழ்க்கையில அடிச்ச ஒரே ஆணி, அதுவும் கோணல். எனக்குத் தெரியாதா?" தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீயா வந்து சொல்லுவன்னு பார்த்தேன்."

ஆணி கழுவாத கையோடு உட்கார்ந்திருந்தான். அவள் திட்டியிருக்கலாம்.

சித்தப்பாவிடம் கேட்டிருந்தால் அந்தப் பழைய படத்தைக் கொடுத்திருப்பார், ஃப்ரேம் போட்டே கொடுத்திருப்பார். அதனால்தான் கேட்கவில்லை. மறுநாள் வெயிலில், ஒரு வாளித் தண்ணீரும் பட்டைத் தகடுமாகப் போய், நன்றாக ஒட்டியிருந்த போஸ்டர் ஒன்றை ஊறவைத்து, ஓரம் கிழியாமல் உரித்துக்கொண்டு வந்தான். போகிற வருகிறவர்கள், கவுன்சிலர் மேல் இவ்வளவு பாசமா என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

தரையில் விரித்துக் காயவைத்து, பிளேடால் வெட்டினான். எழுத்துகள் போயின. சித்தப்பாவின் தலை போயிற்று, மார்பு போயிற்று, முழங்கை போயிற்று. கை வந்ததும் பிளேடு நின்றது. விரல்கள் நாலும் அப்பாவின் சட்டையை அழுத்திப் பிடித்திருந்தன. விரலை வெட்டினால் தோளும் போகும்.

"அம்மா" என்று கூப்பிட்டான். "இதை மட்டும் எடுக்க முடியல."

அம்மா வந்து குனிந்து, வெகுநேரம் பார்த்தாள். அப்பாவின் முகத்தை ஒரு விரலால் தொட்டாள். அந்தக் கையைத் தொடவில்லை.

"இருக்கட்டும்" என்றாள். "தள்ளின கைதானே. புடிச்சிருக்கிற மாதிரி இருந்துட்டுப் போகட்டும்."

பழைய இடத்திலேயே மாட்டச் சொன்னாள். ஆணி சுவரில் ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். மறுபேச்சில்லாமல் உள்ளே போயிற்று.